ஆளில்லாமல் வந்த வள்ளத்தின் பலகை

மூன்று பேரோடு போய், ஆளில்லாமல் கரை ஒதுங்கிய வள்ளத்தை எங்கள் கரையில் யாரும் உடைப்பதில்லை. உல்லாசப் படகு முதலாளி தனபாலனுக்கோ அது நல்ல அயினி மரப் பலகை, அவ்வளவுதான்.

“என் படகுல குளிக்க இறங்குற மேடைக்கு இதையே அறு. முடியாதுன்னா வேலையை விட்டுப் போ.”

தச்சன் கிளாரன்ஸ் ரம்பத்தை எடுத்தான். “அறுக்கேன் முதலாளி. போனவங்க பேரைச் சொல்லி உத்தரவு கேக்கணும். மேடை உங்களுக்கு, அதனால நீங்கதான் பலகைல கை வச்சுக் கேக்கணும்.”

“மூடப் பயல்களா” என்று, கூட வந்த படகு விருந்தினர் பக்கம் திரும்பிச் சிரித்தபடி கை வைத்தார். கிளாரன்ஸ் எடுத்துக்கொடுத்த பெயர்களைத் திருப்பிச் சொன்னவர் மூன்றாவது பெயரில் நின்றார். கையை எடுத்தார். விரல்களில் நீர் சொட்டியது.

“ஃபைபர் மேடையே போதும்” என்று விருந்தினர் முன்னால் முணுமுணுத்துவிட்டு நடந்தார்.

“தண்ணி ஊத்துனியா?” என்று சங்கத்து ஆளான நான் கிளாரன்ஸிடம் கேட்டேன்.

“இல்ல, தோழர். பயத்துல கை வேர்க்கும்னுதான் நெனச்சேன்” என்றான் கிளாரன்ஸ்.

நான்கு மாத வெயிலில் கிடந்த பலகையைத் தொட்டுப் பார்த்தேன். முழுக்க ஈரம்.