சாமி விட்டுப்போன சொத்து

“கொடுத்ததை மறந்துடு, குடிச்சதை…” என்று அம்பலச் சாமி அடிக்கடி சொல்வார். மீதி என்னவென்று மடத்தில் மோர் கடையும் குப்பாண்டிக்கு நினைவில்லை.

சாமி சமாதியான மறுமாதமே ஜமீன்தார் குதிரையில் வந்து இறங்கினார்.

“உங்க சாமி பெரிய மகானாமே! அவர் விட்டுட்டுப் போனது அத்தனையும் ஒண்ணு விடாம என் முன்னால கொண்டுவந்து வைக்கணும். இல்லேன்னா எங்கப்பா மடத்துக்குக் கொடுத்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்குவேன்.”

மடத்தில் இருந்ததோ ஒரு கிழிந்த காவித்துணி. சீடர்கள் கையைப் பிசைந்தார்கள். நிலம் போனால் வழிப்போக்கர்களுக்கு மோர் ஊற்றும் பந்தலும் போய்விடும். குப்பாண்டி முன்னால் வந்து கும்பிட்டான்.

“வெச்சிடலாம் எஜமான். ஊர் ஊராப் போய்த் திரட்டணும். முதல்ல உங்க பங்கைக் கொடுத்துட்டா நல்லதுங்க.”

“நானா? நான் என்னடா கொடுக்கணும்?”

“வர்ற வழியில நம்ம பந்தல்ல மோர் குடிச்சீங்களே, அது சாமி விட்டுப்போனதுதானுங்க. மீசையில கறிவேப்பிலைகூட இன்னும் ஒட்டியிருக்கு.”

ஜமீன்தார் மீசையைத் தடவினார். இலை கையோடு வந்தது. முதலில் சிரித்தவன் அவருடைய குதிரைக்காரன்தான். பிறகு அவருக்கே அடக்க முடியவில்லை.

“அந்த வெயில்ல அதுதாண்டா எனக்கு உயிரைக் கொடுத்துச்சு” என்றார்.

அன்றைக்கே, மடத்து நிலத்தை ஒட்டியிருந்த தன் தென்னந்தோப்பையும் பந்தலுக்கு எழுதிவைத்தார்.