நண்டு தோண்டின வட்டம்

அந்தக் காலத்துல, நண்டுக்கும் பேச்சு வந்த காலத்துல, காத்து திரும்புற வரைக்கும் எல்லா ஊர்க் கப்பலும் ஒரே கரையிலதான் கிடக்கும். ஆஹா, என்ன நாளு அதெல்லாம்! பாபிலோன் மாலுமி இத்தின், சீனத்து லூ, கப்பலுக்குத் தண்ணிப் பானை நிரப்புற நம்ம ஊரு வெண்ணி, மூணு பேரும் ஒரே சட்டியில மீன் சாப்பிட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டே கணக்கும் போட்டாங்க.

"பத்துப் பத்தா எண்ணு, விரல் இருக்குல்ல"ன்னா வெண்ணி. "இடம் மாறினா மதிப்பும் மாறணும்"னான் இத்தின். லூ ஈர மணல்ல கட்டம் போட்டுக் குச்சி நட்டான். எண்ணிக்கை இல்லாத கட்டத்தைச் சும்மா விட்டுட்டான்.

அந்தச் சும்மா கட்டத்துல போய் உக்காந்துக்கிறதுதான் அந்தக் கரையில இருந்த ஒரு நண்டோட வேலை. இங்க ஒண்ணுமில்ல, ஆனா இடம் இருக்குன்னு காட்டணும்ல! "வாங்க ஒண்ணுமில்லாதவரே"ன்னு வெண்ணி கிண்டல் பண்ணுவா. நண்டுக்கு அது அப்படி இனிக்கும்.

ஒருநாள் காத்து திரும்பிடுச்சு. இத்தின் கப்பலுக்கு நூத்தஞ்சு பானை தண்ணி வேணும். நூறுக் கட்டத்துல ஒரு குச்சி, பத்துக் கட்டத்துல நண்டு, கடைசிக் கட்டத்துல அஞ்சு குச்சி. போட்டுட்டு மூணு பேரும் பாய் கட்டப் போயிட்டாங்க. அப்பன்னு பார்த்து அலை ஒரு இறால் தலையைக் கரையில ஒதுக்குச்சு. நண்டு ஒரே ஒரு நிமிஷம்தான் எழுந்து போச்சு!

அதே அலை கட்டத்தோட கோடுகளையெல்லாம் அழிச்சிடுச்சு. சுமைகாரங்க வந்து பார்த்தாங்க. ஒண்ணு, பக்கத்துல அஞ்சு. பதினஞ்சு பானையை ஏத்திட்டு நங்கூரத்தை இழுக்க ஆரம்பிச்சாங்க.

திரும்பி வந்த நண்டு ஏத்தின பானையை எண்ணிப் பார்த்துச்சு. நாப்பது நாள் கடலுக்குப் பதினஞ்சு பானையா? இத்தின் நாக்கு வறண்டே செத்துப்போவானே!

"நிறுத்துங்கய்யா! நடுவுல ஒரு கட்டம் இருக்கு!"

"எங்க? வெறும் மணல்தான் தெரியுது."

"நான் உக்காந்திருந்த இடம்யா அது!"

"நீ உக்காந்த இடத்தையெல்லாம் எண்ணினா இந்தக் கரையே பத்தாது, போ!"

நண்டு குச்சிகளுக்கு நடுவுல பாஞ்சு, கொடுக்கு தேயத் தேய வட்டமா ஒரு வளை தோண்டுச்சு. "நான் இருந்தாலும் இல்லாட்டியும் இது இருக்கும். இப்பத் தெரியுதா?"

சத்தம் கேட்டு ஓடி வந்த வெண்ணி, வளையைப் பார்த்ததும் அலறினா. "ஐயோ, நூத்தஞ்சுய்யா!" மிச்சத் தொண்ணூறு பானையும் ஏறுச்சு.

இத்தின் அந்த வட்டத்தைப் பாய்த்துணி ஓரத்துல கரியால வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போனான். லூவும் கிளம்பிட்டான். மூணு பேரும் அப்புறம் ஒரே கரையில ஒண்ணு சேரவே இல்ல.

அன்னியிலேருந்துதான் எந்தத் தேசத்துல எண் எழுதினாலும் ஒண்ணுமில்லாத இடத்துல ஒரு வட்டம் நிக்குது. கரையிலயும், அலை வந்து வளையை மூடின மறுநொடியே, எந்தக் கப்பல் தண்ணிக்குக் காத்திருக்கோன்னு நண்டு திரும்பத் தோண்டுது.