சால்வையிலிருந்து உருவிய ஊசி

குரு என்றால் தாடி வேண்டும், ஆலமரம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்தால் ஏமாந்துதான் போவார்கள். இங்கே குருவுக்கு முப்பத்துநாலு வயசு. மருந்துக்கடை மாடியில் குரோஷா பின்னல் வகுப்பு நடத்துகிறாள். பெயர் எப்சிபா. சிஷ்யைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெயர் சங்கரவடிவு. குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை டீச்சர் என்பாள். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் வடிவு படியேறி வந்த வேகமே சரியில்லை. வந்தவள் தோளில் கிடந்த துணிப்பையைத் தொப்பென்று தரையில் போட்டாள். உள்ளேயிருந்து ஒரு நூல் உருண்டை துள்ளி விழுந்து நாற்காலிக்கு அடியில் ஓடியது. அவள் அதை எடுக்கவில்லை.

எப்சிபா ஒரு குழந்தைச் சட்டைக்குக் கழுத்து பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணிகளை உதட்டுக்குள்ளேயே எண்ணுவது அவள் வழக்கம். எண்ணி முடிகிறவரை யார் வந்தாலும் தலை நிமிராது.

“டீச்சர், எனக்கு ஒரு பதில் வேணும்.”

டீச்சரின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

“வீட்டையும் பாத்து, சமையலையும் பாத்து, ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் கையால பின்னியும் குடுக்கணும்னா அது எப்படி முடியும்? நீங்க எப்படி முடிக்கீங்க? அதைச் சொல்லிக் குடுங்க. பூவும் இலையும் படிச்சதெல்லாம் போதும்.”

எப்சிபா வரிசையை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “என்ன நடந்துச்சுக்கா?”

நடந்ததைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

வடிவின் நாத்தனார் கோமதிக்குப் பேரன் பிறந்திருந்தான். நேற்று குழந்தையைப் பார்க்கப் போனாள் வடிவு. போன இடத்தில் காலைக் கழுவிவிட்டு வரலாம் என்று குளியலறைப் பக்கம் போயிருக்கிறாள். வாசலில் மிதியடி கிடந்தது. ஈரக் காலை அதில் வைத்தபிறகுதான் பார்த்தாள். வெள்ளை நூலில் இரண்டு மயில், நடுவில் ஒரு பூச்சட்டி. கோமதி புதுவீடு பால் காய்ச்சியபோது வடிவு பின்னிக் கொடுத்த விரிப்பு அது. ஹாலில் டீப்பாய் மேல் போடுவதற்கென்று, கண் பூத்துப்போகப் பின்னியது.

“மயிலோட கழுத்துல நிக்கேன் டீச்சர். என் காலுக்கடியில தண்ணி சொதசொதன்னு இருக்கு. அதைக் கீழ போடணும்னா அவளுக்கு எப்படி மனசு வந்திருக்கும்? ஒரு பழைய துண்டு இல்லையா அந்த வீட்ல? ஒரு சாக்கு கிடைக்கலையா?”

“கேட்டீங்களா?”

“எங்க கேக்க. அந்நேரம் பாத்து அவளே வந்துட்டா. என்னைப் பாத்து வாயெல்லாம் பல்லு. மதினி, வர்ற ஞாயித்துக்கிழமை பிள்ளையைத் தொட்டில்ல போடுதோம், உங்க கையால ஒரு போர்வை போட்டுத் தாங்க, கடையில வாங்குனதெல்லாம் உங்க கைக்கு வருமாங்கா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்கென்ன கோமதி, போட்டுட்டாப் போச்சுன்னேன்.”

“மிதியடி மேல நின்னுக்கிட்டா?”

“மிதியடி மேல நின்னுக்கிட்டேதான்.”

கோமதி மேல் வந்த கோபத்தைவிடத் தன் வாய் மேல் வந்த கோபம்தான் வடிவுக்கு அதிகம். பஸ்ஸில் வரும்போது அந்த வாயில் நாலு போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியதாம். ஆனால் இவ்வளவும் நேற்றைய கதை. இன்று காலையில் நடந்ததுதான் அவளை மாடிப்படி அதிர ஏற வைத்தது.

வடிவின் ஒரே மகள் பூரணிக்கு டேராடூனில் வேலை. திங்கட்கிழமை ரயில். அங்கே நம்மூர் மார்கழியெல்லாம் ஒன்றுமே இல்லையாம், விறைத்துப் போகுமாம். வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றைக்கே, அம்மா எனக்கு நீலத்துல ஒரு சால்வை போட்டுக் குடு, நீ போட்டதைத்தான் போர்த்திக்கிட்டுப் போவேன் என்று சொல்லியிருந்தாள் பிள்ளை. சித்திரையில் ஆரம்பித்த சால்வை. இன்னும் முதுகுகூட மறையாது. அதற்குள் பக்கத்து வீட்டு வளைகாப்பு வந்துவிட்டது, காலுறை கேட்டார்கள். வீட்டுக்காரர் ஆவுடையப்பனின் மானேஜர் சம்சாரத்துக்கு டி.வி. மேல் போட ஒரு விரிப்பு. பூரணி படித்த பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரசுக்கு வாசல் தோரணம். யாராவது ஒருவர் நல்ல வார்த்தை ரெண்டு சொல்லிவிட்டால் போதும், வடிவு ‘அதுக்கென்ன’ என்றுவிடுவாள்.

“காலையில பூரணி கடைக்குப் போயிட்டு வந்தா டீச்சர். கையில ஒரு கவர். பிரிச்சுக் காட்டுதா. நீலக் கலர் சால்வை. மிஷின்ல போட்டது. நல்லாத்தான் இருக்கு, சும்மா சொல்லக் கூடாது. என்ன பிள்ளே இதுன்னேன். பரவாயில்லம்மா, உனக்கு வேலை நிறையக் கிடக்கு, நான் வாங்கிக்கிட்டேன்னுட்டா. கோபமா சொல்லியிருந்தாக்கூட நான் திருப்பி ரெண்டு பேசியிருப்பேன். சிரிச்சுக்கிட்டே சொல்லுதா.”

வடிவு குரலை இன்னும் உயர்த்தினாள்.

“அப்பாக்காரர் பேப்பர் படிச்சுக்கிட்டே சொல்லுதாக, உக்காந்து பின்னுறதுதான, அதுக்கு ஏன் இந்தப் பாடுன்னு. உக்காந்து பின்னுறதாம். காலையில இருந்து நான் எப்ப உக்காந்தேன்னு அவுகளுக்குத் தெரியுமா? குக்கர் விசில் அடிக்கிற நேரத்துல அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டே போட்ட வரிசை எத்தனை இருக்கு. எங்கேயோ ஒரு நியாயம் வேண்டாமா டீச்சர்?”

எப்சிபா வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. வடிவு எடுத்துப் பார்த்தாள். நாத்தனார்தான்.

அதற்குப் பிறகு அந்த அறையில் கேட்டது வேறு யாருடைய குரலோ.

“சொல்லு கோமதி. பேரன் என்ன செய்யுதான்? தூங்குதானா? ஆமா ஆமா, ஞாபகம் இருக்கு. மஞ்சளா? சரி. ஓரத்துல முயல் குட்டி வைக்கணுமா? அதுக்கென்ன, வச்சுட்டாப் போச்சு. இதுல என்னம்மா சிரமம். வைக்கட்டுமா?”

போனைக் கீழே வைத்தாள். முகம் மறுபடியும் சிவந்தது.

“முயல் குட்டி கேக்கா டீச்சர். மயிலை மிதிச்சு முடிச்சாச்சு, இனி முயலைக் கொண்டுபோய் எங்க போடப் போறாளோ.”

எப்சிபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

“டீச்சர், ஒரு உதவி. போர்வையில பாதி நீங்க போட்டுத் தாங்க. உங்க கை வேகத்துக்கு அதெல்லாம் ஒரு வேலையா?”

“மாட்டேன்.”

வடிவு திகைத்துப்போனாள். ஒரு வருஷப் பழக்கம். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அந்தக் கைக்கு இந்தப் பதிலா?

“இப்படிப் பட்டுன்னு சொல்லுதீங்களே டீச்சர்.”

“வேற எப்படிச் சொல்றது?”

“கேக்கிறவங்களுக்கு வருத்தமா இருக்காதா?”

“இருக்கும்.”

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு காரணமும் வரவில்லை. வேலை இருக்கிறது, தலைவலிக்கிறது, ஊருக்குப் போகிறேன் என்று ஒரு சாக்காவது சொல்லியிருக்கலாம். அந்த மரியாதைகூட இல்லையே என்று வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் கேட்டதுக்காவது பதில் சொல்லுங்க. இத்தனையையும் எப்படி முடிக்கிறது?”

“முதல்ல போர்வையை ஆரம்பிங்க. நான் பாக்கேன்.”

வடிவு பையை இழுத்து மஞ்சள் நூலை எடுத்தாள். ஊசியைத் தேடினாள். டப்பா நிறைய ஊசி இருந்தாலும் பிடி தேய்ந்துபோன ஒரே ஒரு ஊசிதான் அவள் கைக்கு வாகாக வரும். அது பூரணியின் சால்வையில் இருந்தது. எப்போதும் அதில்தான் இருக்கும், அடுத்த ஆள் எதையாவது கேட்கிறவரை. சால்வையை வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கடைசிக் கண்ணியிலிருந்து ஊசியைச் சட்டென்று உருவினாள்.

குரோஷா பின்னலில் ஒரு விஷயம் உண்டு. துணி எத்தனை பெரிதாக இருந்தாலும் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணிதான். ஊசியை உருவிவிட்டால் அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நூலை இழுத்ததும் மொத்தமும் கழன்று வந்துவிடும்.

வடிவின் கை தன்னால் தாலிச் சங்கிலிக்குப் போனது. ஊக்கெல்லாம் அங்கேதான் கோத்து வைத்திருப்பாள். ஒன்றும் இல்லை. வளையலைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. தோரணத்தில் ஒன்று, காலுறையில் ஒன்று, டி.வி. விரிப்பில் ஒன்று என்று எல்லா ஊக்கும் பைக்குள்ளேயே வேலையில் இருந்தன.

“இந்தக் கண்ணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க டீச்சர்.”

எப்சிபா கையை நீட்டி வாங்கினாள். கண்ணியைப் பிடிக்கவில்லை. நூலைப் பிடித்து இழுத்தாள்.

சர்ரென்று பாதி வரிசை கழன்று வந்தது.

“டீச்சர், கண்ணி கழலுது.”

“ஆமா.”

இழுத்தாள். ஒரு வரிசை முழுசாகப் போனது.

“என்ன செய்யுதீங்க? அது பூரணிது.”

“தெரியும்.”

“போன வாரம் பால் பொங்கி வழிஞ்ச அன்னைக்குப் போட்டது டீச்சர். அடுப்பைக்கூடத் துடைக்காம போட்டேன்.”

எப்சிபா இழுத்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சட்டைக்குக் கழுத்து பின்னும்போது இருந்த அதே முகம். சுருள் சுருளாக நீல நூல் அவள் காலடியில் சேர்ந்தது. அடுத்த வரிசை கழன்றது. அதற்கடுத்ததும்.

“விளையாடாதீங்க.”

“நான் விளையாடலக்கா. போர்வைக்கு ஊசி வேணும்னு நீங்கதான உருவுனீங்க?”

“அதுக்காக?”

“ஊக்கும் இல்ல. நாலு மாசமா இது இப்படித்தான நிக்குது. கடையில வேற வாங்கியாச்சு. இனி இது எதுக்கு?”

இன்னொரு வரிசையின் ஓரம் கழன்றது. வடிவுக்கு அந்த வரிசை தெரியும். அதில் நூல் கொஞ்சம் இறுகியிருக்கும். பூரணிக்கு வேலை ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் போட்டது அது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இறுக்கி இறுக்கிப் பின்னியிருந்தாள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, பாதிச் சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுப் பார்த்து, அம்மா இப்பவே கதகதன்னு இருக்கு என்று சொன்னாள்.

வடிவு பாய்ந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள். மஞ்சள் உருண்டை எங்கேயோ உருண்டு போனது.

“கையை எடுங்க.”

எப்சிபாவின் விரல் நூலை விடவில்லை.

“கையை எடுங்கன்னா எடுங்க. இது என் மகளுக்கு. திங்கட்கிழமை அவ இதைப் போர்த்திக்கிட்டுத்தான் ரயில் ஏறுவா. அதுக்கு முன்னால எவளுக்கும் நான் ஒரு கண்ணிகூடப் போட மாட்டேன். யார் வருத்தப்பட்டாலும் படட்டும். முடியாதுன்னா முடியாது.”

கீழே மருந்துக்கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தது நின்றது. வடிவின் குரல் படியிறங்கித் தெருவரைக்கும் போயிருக்கும். அவளுக்கே அது யாருடைய குரல் என்று ஒரு நிமிஷம் விளங்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

எப்சிபா நூலை விட்டாள். கழன்று நின்ற கண்ணியை ஒரு விரலால் பிடித்து, வடிவின் கையிலிருந்த ஊசியிலேயே மாட்டினாள். குனிந்து, காலடியில் கிடந்த நீல நூலைச் சிக்கு விழாமல் உருண்டையில் சுற்ற ஆரம்பித்தாள்.

வடிவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “நல்ல டீச்சர் நீங்க. கேள்வி கேட்டா பதில் சொல்லணும். இப்படியா செய்வாங்க?”

எப்சிபா நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

போன் மறுபடியும் அடித்தது. தரையில் மல்லாந்து கிடந்த போனில் கோமதி என்று எழுதியிருந்தது. முயலுக்குக் காது எப்படி வேண்டும் என்று சொல்லக் கூப்பிடுகிறாளோ என்னவோ. வடிவு போனைப் பார்த்தாள், கையிலிருந்த சால்வையைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

எப்சிபா போனை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“பேசுங்கக்கா.”

“நான் என்னத்தைச் சொல்ல?”

“இப்ப எங்கிட்ட சொன்னீங்கள்ல, அதையே சொல்லுங்க. சூடு ஆறுறதுக்குள்ள எடுங்க.”