வளையல் போட்ட கை

செம்பாறைக் கோட்டையை ஆண்ட ரகுவீர பூபதிக்குச் சீட்டாட்டம் என்றால் உயிர். ஆடத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய வித்தை அவ்வளவுதான்.

ஆட்டம் எளிது. இருவரும் முதலில் ஒரு பந்தயம் வைக்க வேண்டும். பிறகு ஆளுக்கு மூன்று சீட்டு. சீட்டு மோசமானால் கவிழ்த்துவிட்டு, வைத்த பந்தயத்தை மட்டும் விட்டுக்கொடுத்து விலகிக்கொள்ளலாம். நன்றாக இருந்தால் பந்தயத்தை ஏற்றலாம். ஏற்றியதற்கு எதிராளி ஈடு வைக்க வேண்டும், இல்லையென்றால் கவிழ்க்க வேண்டும். பெரிய சீட்டுக்கு வெற்றி.

மூளை உள்ளவன் குப்பைச் சீட்டைக் கவிழ்ப்பான். செம்பாறையில் அதற்குப் பெயர் கோழைத்தனம். "சிங்கம் பின்வாங்குமா மகாராஜா?" என்று தளவாய் உக்கிரபாண்டியன் ஒருநாள் கேட்டுத் தொலைத்தான். போர்க்களத்தையே பார்க்காத தளவாய் அவன். பந்தியில் மட்டும் முன்னணியில் நிற்பான். ராஜாவுக்கு அந்தப் பேச்சு இனித்துவிட்டது. சபையில் சீட்டைக் கவிழ்ப்பவன் கையில் எல்லார் முன்னாலும் கண்ணாடி வளையல் போட வேண்டும் என்று சட்டம் போட்டார். இதற்கென்றே ஒரு வளையல்காரச் செட்டியாருக்குச் சம்பளம் வேறு.

இப்படி ஒரு ராஜா இருக்கிறார் என்று தெரிந்தால் பக்கத்து ஊர்க்காரன் சும்மா இருப்பானா? ஆனைமேட்டுப் பாளையக்காரர் கோவிந்தப்பர் விருந்தாளியாக வந்து இறங்கினார். விருந்தாளிக்கு வளையல் சட்டம் கிடையாது. ராஜாவின் குதிரையை ஜெயித்தார். பல்லக்கை ஜெயித்தார். கடைசியில் பெரிய ஏரி மதகின் சாவியையும் ஜெயித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். மதகை அடைத்தும் விட்டார். கதிர் பால் பிடிக்கும் நேரம். வயல் வெடித்தது. குடியானவர்கள் கோட்டை வாசலில் வந்து நின்றார்கள். ராஜா மாடத்திலிருந்து அவர்களைப் பார்த்துவிட்டு, வீரமாகத் தோற்றோம் என்று தளவாயிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சபையில் சடகோபன் என்று ஒருவன் இருந்தான். யாருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லாத ஆள். "வீரமாகத் தோற்ற தண்ணீரை வயலுக்குப் பாய்ச்ச முடியுமா மகாராஜா?" என்று கேட்டான்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு வாய் பேசுகிறாயே, நாளைக்கு நீயே ஆடி மீட்டுக் கொடு. என் சொத்தில் எதை வேண்டுமானாலும் பந்தயம் வை. தோற்றால் உன் தலை போய்விடும். சட்டமும் அப்படியே இருக்கும். கவிழ்க்கக் கவிழ்க்க வளையல் ஏறும்" என்றார். சடகோபன் சரி என்றான். விளக்கேற்றும் நேரத்தில் கடைசி ஆட்டம். அதில் மதகுச் சாவிக்கு எதிராகப் பட்டத்து யானை. கோவிந்தப்பர் யானையை நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

காலையில் ஆட்டம் தொடங்கியது. முதல் பந்தயம் ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசு. சடகோபன் சீட்டைப் பார்த்தான், கவிழ்த்தான். செட்டியார் ஒரு வளையலைப் போட்டார். மறுபடி பார்த்தான், கவிழ்த்தான். இன்னொரு வளையல். தளவாய் தொடையைத் தட்டிச் சிரித்தான். "மருதாணியும் வைத்துவிடலாமா?" என்றான். சபை முழுக்கச் சிரித்தது. சடகோபன் கையை நீட்டி, "அந்தப் பச்சை வளையலைப் போடுங்கள் செட்டியாரே, இது நிறம் மங்கல்" என்றான்.

நெடுநேரம் கழித்து ஒரு தடவை கவிழ்க்காமல் பந்தயத்தை ஏற்றினான். வளையலுக்கு வெட்கப்பட்டு வீம்புக்கு ஏற்றுகிறான், இவனும் செம்பாறைக்காரன்தானே என்று கோவிந்தப்பர் குதிரையை ஈடு வைத்தார். சடகோபன் மூன்று ராஜாக்களைத் திருப்பிக் காட்டினான். குதிரை வந்தது. அப்புறம் பழையபடி வளையல், வளையல், வளையல். மறுபடி ஒருமுறை ஏற்றினான். பல்லக்கும் வந்தது. அதற்குப் பிறகு கோவிந்தப்பர் தெளிந்துவிட்டார். சடகோபன் பந்தயத்தை ஏற்றினால் அவர் மறுபேச்சில்லாமல் கவிழ்த்துவிடுவார்.

விளக்கு வந்தது. கோவிந்தப்பர் சாவியை நடுவில் வைத்தார். எதிரே யானையின் அங்குசம் வந்து உட்கார்ந்தது. சீட்டு விழுந்தது. சடகோபன் பார்த்தான். முழங்கைவரை ஏறிவிட்ட வளையல்கள் குலுங்கக் கையைத் தூக்கினான்.

"ஏற்றுகிறேன். செம்பாறைக் கோட்டை."

ராஜாவின் முகம் வெளுத்தது. ஆனால் எதை வேண்டுமானாலும் வை என்று சபையறியச் சொன்னவர் அவர்தான். தளவாய் தூணைப் பிடித்துக்கொண்டான்.

கோவிந்தப்பர் தன் சீட்டைப் பார்த்தார். இரண்டு ராணிகள் இருந்தார்கள். ஈடு வைப்பதென்றால் ஆனைமேட்டுக் கோட்டையை வைக்க வேண்டும். சடகோபனின் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒவ்வொரு வளையலாகப் பார்த்தார். இத்தனை தடவை விலகியவன் இப்போது விலகவில்லை. பெருமூச்சு விட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். சாவி வந்த வேகத்தில் வாசலுக்குப் போயிற்று. குடியானவர்கள் ஏரியைப் பார்த்து ஓடினார்கள்.

செட்டியார் பழக்க தோஷத்தில் கோவிந்தப்பருக்கும் ஒரு வளையலைப் போட்டு அனுப்பினார்.

அவர் போனதும் ராஜா சடகோபனின் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு, மூன்று, ஐந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குப்பை.

"அடப்பாவி, இதை வைத்துக்கொண்டா என் கோட்டையை வைத்தாய்?"

"சீட்டை யார் பார்த்தார்கள் மகாராஜா? அவர் வளையலைத்தானே பார்த்தார். தாங்கள் போட்ட சட்டம்தான் ஜெயித்தது."

"அவன் ஈடு வைத்திருந்தால்? கோட்டை போயிருக்குமே?"

"போயிருக்கும். தாங்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு எப்படியும் அடுத்த வாரம் போகப்போகிற கோட்டைதானே மகாராஜா?"

ராஜா சடகோபனை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, வயிறு குலுங்கச் சிரித்தார். மீட்ட குதிரையை அவனுக்கே கொடுத்தார். உடனே இன்னொரு ஆட்டத்துக்குச் சீட்டுப் போடச் சொல்லி, வந்த சீட்டை வாழ்க்கையில் முதல்முறையாக உற்றுப் பார்த்தார். கவிழ்த்தார். செட்டியாரிடம் கையை நீட்டினார்.

தளவாய் உக்கிரபாண்டியன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான்.

"செட்டியாரே, எனக்கு இரண்டு கையிலும் போடுங்கள்" என்றான்.