கரிச்சான் கொடுத்த நடு இறகு

மாடும் குருவியும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது கரிச்சான் குருவிக்கு வால் மூன்று நீண்ட இறகுகளாக இருந்தது. விடிந்ததும் ஏதாவது ஒரு வேலிக்கம்பில் உட்கார்ந்து, அலகால் அந்த மூன்றையும் மாற்றி மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பின்னிக்கொள்ளும். பின்னி முடிக்காமல் இரை தேடப் புறப்படாது. சாட்டை பின்னும் காத்தாயி தன் வாலைப் பார்த்துத்தான் தொழில் கற்றுக்கொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும். காத்தாயியும் அதை மறுத்ததில்லை.

கரிச்சான் பகலெல்லாம் இருந்தது மயிலை என்ற சாம்பல்நிறக் காளையின் முதுகில்தான். மயிலை நடந்தால் புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பும். கரிச்சான் பாய்ந்து பிடித்துவிட்டு மறுபடியும் முதுகுக்கே திரும்பும். பாயும்போது அந்தப் பின்னல் காற்றை வெட்டி 'சடக்'கென்று ஓர் ஓசை எழுப்பும். அதைக் கேட்டதும் மயிலையின் காது விடைக்கும்.

மயிலையை வளர்த்தவர் குருந்தப்பன். உப்பு வண்டி ஓட்டுகிறவர். கெட்டவர் இல்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் தான் சாப்பிட உட்கார்ந்ததில்லை. ஆனால் அவருடைய குரல் கீச்சுக்குரல். பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும்.

ஒருநாள் ஓடை இறக்கத்தில் வண்டி வேகமெடுத்தது. "இடப்பக்கம் போ, இடப்பக்கம் போப்பா!" என்று குருந்தப்பன் கத்தினார். வண்டி அச்சு போட்ட கூச்சலில் மயிலைக்கு எதுவுமே கேட்கவில்லை. நேராகப் போனது. வண்டி ஓடையில் சாய்ந்தது. அவ்வளவு உப்பும் தண்ணீரோடு போயிற்று. குருந்தப்பன் தொடைவரை நனைந்து நின்றார்.

"காதுல விழலைன்னா முதுகுல விழட்டும்" என்றார். மறுநாள் காலையிலேயே மயிலையை ஓட்டிக்கொண்டு காத்தாயியின் பந்தலுக்குப் போய்விட்டார்.

பந்தலில் சாட்டைகள் வரிசையாகத் தொங்கின. நூல் சாட்டை, கற்றாழை நார்ச் சாட்டை, கடைசியில் முடிச்சு முடிச்சாகத் தோல்வார்ச் சாட்டை. எல்லாமே மூன்று புரி. இடையில் ஒரு மயிரிழை நுழையாதபடி பின்னியிருந்தாள்.

"எதை எடுக்கிறதுன்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டார் குருந்தப்பன்.

"உன் மாடு, உன் கை. நீதான் பார்த்துக்கணும் தம்பி."

ஒவ்வொன்றாலும் ஓர் அடி அடித்துப் பார்ப்பது, எதற்கு மாடு அதிகம் துள்ளுகிறதோ அதை வாங்குவது என்று அவர் முடிவு செய்தார். முதலில் நூல் சாட்டை. மயிலைக்கு ரோஷம், பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"இது உறைக்கலை" என்று சொல்லிவிட்டு அவர் நார்ச் சாட்டையை எடுத்தார்.

தப்பு பண்ணிவிட்டோம் என்று மயிலைக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தத் தடவை சாட்டை மேலே எழும்போதே "ஐயோ!" என்று அலறியது.

"படுறதுக்கு முன்னாடியே கத்துறியே, நடிப்பா?" என்று சிரித்துக்கொண்டே குருந்தப்பன் தோல்வாரைக் கையில் எடுத்தார்.

மயிலை அதை முகர்ந்து பார்த்தது. "மாப்ளே, இது எங்க பெரியப்பா வாசனை" என்று முதுகில் இருந்த கரிச்சானிடம் மெல்லச் சொன்னது.

கரிச்சான் பந்தல் கம்புக்குத் தாவியது. "கொஞ்சம் பொறுங்க! படுறதுக்கு முன்னாடியே அவன் அலறினானே, அதை யாரும் கவனிக்கலையா? அவனை நகர்த்த அடி எதுக்கு? உங்களுக்கு வேணும்கிறது குரல், குருந்தப்பரே. அது உங்ககிட்ட இல்லை. என்கிட்ட இருக்கு."

காத்தாயியின் பக்கம் திரும்பி வாலை நீட்டியது. "யக்கா, நடு இறகைப் பிடுங்கி நூல் சாட்டை நுனியில வை."

காத்தாயி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நல்லா யோசிச்சுக்கடா. மிச்சம் இருக்கிற ரெண்டை வெச்சுப் பின்ன முடியாது. பிடுங்கினா மறுபடி முளைக்காது."

கரிச்சான் தன் பின்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அன்று காலை போட்டது; ஓர் இழைகூடக் கலையவில்லை.

"அவன் முதுகு புண்ணாச்சுன்னா நான் எங்கே உட்கார்றது?" என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அவள் பிடுங்கினாள். இறகை நூல் சாட்டையின் நுனியில் சேர்த்துக் கட்டி, முனையை மட்டும் தளரவிட்டாள்.

"இறகா? நான் என்ன மாட்டுக்கு விசிறிவிடவா வந்தேன்?" என்ற குருந்தப்பன், சலிப்போடு சாட்டையைக் காற்றில் ஒரு வீசு வீசினார்.

சடீர்!

பந்தலே அதிர்ந்தது. மயிலை நாலு கால் பாய்ச்சலில் முன்னால் போய் நின்று, திரும்பித் தன் முதுகைப் பார்த்தது. ஒரு கோடுகூட இல்லை.

"மாமா, பட்டுச்சா?" என்றது கரிச்சான்.

"இல்லைடா! படவே இல்லை!" மயிலை விட்ட பெருமூச்சில் தரைப் புழுதி கிளம்பியது.

குருந்தப்பன் தோல்வாரை இருந்த இடத்திலேயே மாட்டினார். அன்று சாயங்காலம் புது உப்பு மூட்டைகளோடு அதே ஓடை இறக்கத்தில், அச்சின் கூச்சலுக்கு மேலே, வலப்பக்கம் காற்றில் ஒரு சொடுக்கு. மயிலை இடப்பக்கம் ஒதுங்கியது. மேட்டில் ஏறியதும் அவர் மூட்டைகளைத் தடவிப் பார்த்தார். உப்பு பொரபொரவென்று காய்ந்து கிடந்தது. "அப்பாடா" என்றார். அந்தக் குரலிலும் பாதிதான் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் கரிச்சான் வேலிக்கம்பில் உட்கார்ந்து இரண்டு இறகையும் பின்னப் பார்த்தது. வழுக்கிப் பிரிந்தன. இன்னொரு தடவை முயன்றது, மறுபடியும் பிரிந்தன. "கிடக்கட்டும் போ" என்று அப்படியே பறந்தது. பறக்கும்போதுதான் தெரிந்தது, கத்தரிபோல் விரிந்த வால் நினைத்த பக்கமெல்லாம் திரும்பியது. முன்னெல்லாம் சத்தம் கேட்டு ஓடிப்போன பூச்சிகள் இப்போது ஓடவில்லை. வயிறு நிறைந்து முதுகுக்குத் திரும்பியது.

சேதி பரவி மற்ற வண்டிக்காரர்களும் காத்தாயியிடம் வந்தார்கள். எல்லோருக்கும் இறகுக்கு எங்கே போவது? அதேபோல மெல்லிய நாரை நுனியில் தளரவிட்டுக் கட்டிக்கொடுத்தாள். "மாட்டை அந்தப் பக்கம் கட்டிட்டு வாங்க. வெறுங்காத்துல வீசிக் கேட்டுப் பார்த்து எடுங்க" என்றாள்.

சாட்டை வாங்குகிறவர் முதலில் அதைக் காற்றில் சொடுக்கிக் காது கொடுத்துக் கேட்பது அந்த நாளிலிருந்துதான். கரிச்சானின் வால் இரண்டாகப் பிரிந்து கிடப்பதும் அந்த நாளிலிருந்துதான். ஓர் ஈ உட்கார்ந்தாலும் வாலைச் சுழற்றி விரட்டுகிற மாடு, அந்தக் கறுப்புக் குருவி வந்து உட்கார்ந்தால் மட்டும் வாலை அசைக்காமல் நிற்கிறதே, அதுவும் அன்று முதல்தான்.