ஐந்து குப்பி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக.

ஆனால் முதலில் ஒரு சாவு.

"டீச்சர், நான் ஒருத்தியைக் கொன்னுட்டேன்" என்றார் அறவாழி.

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு லூர்துமேரிக்கு முப்பத்தொன்பது. உண்டு, இல்லை இரண்டுக்கும் நடுவே அளந்து கணக்குப் போடும் ஃபஸி லாஜிக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார்.

மலை ஊர்களில் டாக்டர் கிடையாது, நர்ஸ் மட்டும்தான். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று அந்த நர்ஸுக்குச் சொல்ல அறவாழி ஒரு கணினி அமைப்பு செய்திருந்தார். விஷம் உண்டு, இல்லை என்று வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசாது. கொஞ்சம் விஷம், பாதி விஷம், பெரும்பாலும் விஷம் என்று அளந்து பேசும்.

செவ்வாய்க்கிழமை தங்கப்பொண்ணு என்ற பெண்ணைப் பாம்பு கடித்தது. பாதி விஷம் என்றது கணினி. ஐந்து குப்பி விஷமுறிவு மருந்து ஏற்று என்றது.

நர்ஸ் ஏற்றினாள். மதியம் தங்கப்பொண்ணு செத்துப்போனாள்.

"நாளைக்கு அந்தக் கணினியைத் திரும்ப ஓட்டச் சொல்றாங்க மேலதிகாரிங்க. தப்பு எங்கன்னே தெரியல. அதுக்குள்ள இருக்கிற விதியெல்லாம் ரெண்டு பெரிய டாக்டர்கள் சொன்னது. ரெண்டு பேர் சொன்னதையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடும்."

"பாதி விஷத்துக்கு என்ன சொன்னாங்க? அவங்க குரல்லயே சொல்லுங்க."

அறவாழி தொண்டையைச் செருமினார். "பீர்முகமது டாக்டர்: 'பாதி சந்தேகமா? யோசிக்காதய்யா! முழுசா பத்து குப்பி ஏத்து!'"

"இன்னொருத்தர்?"

"சுகந்தி டாக்டர்: 'அவசரப்படாதப்பா. அந்த மருந்தே ஆளைக் கவுத்துரும். ஒரு குப்பிகூட வேண்டாம். பக்கத்துலயே இருந்து பாரு.'"

"ரெண்டு பேர்ல யார் சொன்னது தப்பு?"

"யாருமே இல்லை. அவங்க வழியில போய் அவங்க எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்காங்க."

குரு எழுந்தாள். "காபியா, மோரா?"

"எதுவா இருந்தா என்ன டீச்சர். மனசு பாதி காபிங்குது, பாதி மோருங்குது."

அடுக்களையில் பாத்திரச் சத்தம். டம்ளர் வந்தது.

அறவாழி குடிக்கவில்லை. கையில் பிடித்தபடி அழுதார். தங்கப்பொண்ணுக்கு எட்டு மாசக் கைக்குழந்தை என்றார். ஒவ்வொரு விதியையும் நாற்பது தடவை பார்த்துவிட்டேன் என்றார்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வருகிறது.

"குடிங்க சார்."

ஒரு வாய் குடித்தார். சட்டையெல்லாம் தெறிக்கத் துப்பினார்.

"என்ன கண்றாவி டீச்சர் இது! காபியில மோரை ஊத்தியிருக்கீங்க!"

"பாதி பாதின்னீங்களே."

"அதுக்காக? யாராவது ரெண்டையும் கலப்பாங்களா? காபி குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பேன், மோர் குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பேன். இதை யார் கேட்டா?"

குரு சிரிக்கவில்லை.

அறவாழி திறந்த வாயை மூடவில்லை.

"அஞ்சுன்னு…" என்றார். "டீச்சர், அஞ்சுன்னு யாருமே சொல்லலையே."