பசுவுக்கு நெய் ஊற்றியது யார்

"தாயே, சிகப்பி என் சோத்துல நெய்யக் கலக்குறா. அவள மடத்தை விட்டு அனுப்பணும்."

ஏகாம்பரம் இப்படிச் சொன்னபோது மடத்தின் தலைவி பூங்கோதை அம்மையார் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். துறவு பூணும் முன் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். சீடரான ஏகாம்பரத்துக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"கலக்குறத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா ரத்தம் பொய் சொல்லுமா? நெய்ய விட்டேன். எண்ணெய விட்டேன். தேங்காயக்கூட விட்டேன். கொலஸ்ட்ரால் எறங்க மாட்டேங்குது. அவ கைச்சோத்தத் தவிர நான் வேற எதையும் தொடுறதில்ல."

அவர் பயந்துபோயிருந்தார், பாவம். அப்பா மாரடைப்பில் போனார். அண்ணன் போன ஆடியில், பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். டாக்டர் தந்த மாத்திரை அட்டை ஏகாம்பரத்தின் மடியிலேயே இருந்தது, பிரிக்காமல். உடம்பை விரதத்தால் அடக்கத் தெரியாதவன் என்ன துறவி என்பது அவர் கட்சி.

அம்மையார் சிகப்பியைக் கூப்பிட்டார். புருஷன் செத்தபின் போக்கிடம் இல்லாமல் இந்த மடத்து அடுப்படிக்கு வந்து சேர்ந்தவள்.

"அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் ஏகாம்பரம் சமைக்கட்டும். நீ அடுப்படிக்குள்ள போகாத."

"சரிம்மா."

"எறங்கிருச்சுன்னா?" என்றார் ஏகாம்பரம்.

"எறங்கிருச்சுன்னா நானே போயிடுறேன் சாமி," என்றாள் சிகப்பி.

ஏகாம்பரம் சமைத்தார். அவித்த காய், தாளிக்காத ரசம். அவரோடு சேர்ந்து மடமே பத்தியம் இருந்தது.

சிகப்பி பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கை சும்மா இருந்து பழக்கமில்லை. ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. கொலஸ்ட்ரால் இருந்த இடத்திலேயே இருந்தது.

"எப்படி தாயே? என் கையால ஆக்கித்தானே சாப்பிட்டேன்!"

"வாங்க," என்று அம்மையார் மாட்டுக்கொட்டகைக்கு நடந்தார். மடத்துப் பசு படுத்திருந்தது.

"இது என்ன திங்குது?"

"புல்லு, வைக்கோலு."

"இது குடுக்குற பால்ல வெண்ணெய் எடுக்குறோமே. அத எந்தச் சமையற்காரி போட்டா?"

ஏகாம்பரம் பசுவைப் பார்த்தார். பசு அவரைப் பார்த்தபடி அசைபோட்டது.

"திங்கிற சோத்தை உடம்பு பொடிப்பொடியா உடைக்குது. அந்தத் துண்டுகளக் கோத்து, மடக்கி, நாலு வளையமாக்கி, கொலஸ்ட்ராலா முடிக்கிறது ஈரல். அதுதான் நீங்க தேடுற ஆள். சாப்பாட்டுல வர்றதவிட உள்ளயே செய்யுறதுதான் அதிகம்."

ஏகாம்பரத்துக்கு ஆத்திரம் வந்தது. "எதிரி வீட்டுக்குள்ளயே இருக்கானா! அப்ப அவனை அடியோட ஒழிச்சுரணும்."

"ஒழிக்கலாமே. மூளையிலருந்து ஆரம்பிங்க. அங்கதான் நெறைய இருக்கு."

ஏகாம்பரத்தின் கை தன்னால் தலைக்குப் போனது.

"அப்புறம் உடம்புல இருக்குற ஒவ்வொரு உயிரணுவோட சுவர். இது இல்லாட்டி அந்தச் சுவர் நிக்காது. திங்கிறதச் செரிக்கிற பித்தநீரும் இதுலருந்துதான் வருது. காலையில வெயில்ல நிக்கிறீங்களே, வெயில் தோலுக்குள்ள தேடி வர்றது இதோட அக்காவைத்தான். அதுலருந்துதான் வைட்டமின் டி கெடைக்குது."

"அப்ப நல்லதுதானே தாயே? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"உங்க அண்ணனும் அப்படித்தான் விட்டாரு."

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் என்றால் அவருக்கு உயிர்.

அம்மையார் குரலைத் தணித்தார். "உங்க குடும்பத்து ஈரலுக்கு ஒரு மறதி. ரத்தத்துல சுத்துறதத் திருப்பி எடுத்துக்கத் தெரியல. இல்ல இல்லன்னு நெனச்சு மேல மேல செஞ்சு தள்ளுது. மிஞ்சினது ரத்தக்குழாய்ல போய் ஒட்டுது. அது உங்க குத்தம் இல்ல. வெறும் விரதத்துக்கு அது அடங்கவும் அடங்காது; மாத்திரையும் வேணும்."

"மாத்திரை போட்டா என் தவம் தோத்ததா ஆகாதா?"

அம்மையார் பசுவின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

"தவம் உங்களோடது. சிகப்பி எதுக்கு வெளியில உக்காந்திருக்கா?"

ஏகாம்பரத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொட்டகையிலிருந்து நேரே பின்வாசலுக்குப் போனார். அவள் எதிரில் நின்று, மடியிலிருந்த அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிரித்தார்.

"ஒரு செம்பு தண்ணி குடும்மா, சிகப்பி."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போனாள். செம்போடு வந்து நீட்டினாள்.

"வெறும் தண்ணிதான் சாமி. நல்லாப் பாத்துட்டே குடிங்க."